கொம்பில் சிக்கிய நீல நூல்

குஹாங்கா அம்மாள் கறிப் பொட்டலத்தை மேசைமேல் போட்ட வேகத்திலேயே அது புகார் என்று கெர்சனுக்குத் தெரிந்துவிட்டது. அன்பளிப்பு கொண்டுவருகிறவர்கள் இத்தனை சந்தோஷமாக இருப்பதில்லை.

ஒகக்கராராவில் கால்நடை அலுவலகம் சனிக்கிழமை காலையில் திறந்திருப்பதே அபூர்வம். திறந்திருந்ததற்குக் காரணம் டாக்டர் கவாரி. அவளுக்கு விடுமுறை என்றால் கை அரிக்கும். ஊர்க்காரர்கள் அவளுக்கு மோப்பக்காரி என்று பெயர் வைத்திருந்தார்கள். செத்த மாட்டைப் பார்த்தால் அது எதனால் செத்தது என்பதோடு நிற்காமல், சொந்தக்காரர் அதைப் பற்றி என்ன பொய் சொன்னார் என்பதையும் கண்டுபிடித்துவிடுவாள். கெர்சன் அவளுடைய உதவியாளன், ஓட்டுநர், பெட்டி தூக்கி. வாயை மட்டும் சம்பளமில்லாமல் வேலை செய்ய விட்டிருந்தான்.

பொட்டலத்தைப் பிரித்தார்கள். கூடூ மானின் கழுத்துக்கறி, ஒரு பக்கம் தோலோடு. சிவப்புச் சதைக்குள் வெள்ளை வெள்ளையாக, அரிசியைத் தூவிவிட்டது போல மணிகள்.

இது ஆசர் ஹெங்காரி சுட்ட மான் என்று குஹாங்கா அம்மாள் ஆரம்பித்தாள். ஒச்சிண்டூ ஊரில் ஹெங்காரிக்கு அடுத்த வீடு அவளுடையது. வியாழக்கிழமை அவர் இந்த மானைச் சுட்டு ஊருக்கெல்லாம் பங்கு கொடுத்தாராம். தொடைக்கறி எல்லாம் யார் யாருக்கோ போக, தனக்கு மட்டும் தோலும் குண்டு ஓட்டையுமாகக் கழுத்தைக் கொடுத்தாராம். அதுவும் நஞ்சுக்கறி. இன்று சாயங்காலம் ஊர் வேட்டைச் சங்கத்துக்குத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஊரையே கொல்லப் பார்த்த மனுஷன் தலைவராகலாமா என்று கேட்டுவிட்டு, பதிலுக்காக நாற்காலி நுனிக்கு வந்து உட்கார்ந்தாள்.

கவாரி கத்தி முனையால் ஒரு மணியைக் கீறினாள். தெளிந்த நீர் சொட்டியது. உள்ளே குண்டூசித் தலையளவு வெள்ளைப் புள்ளி.

"நாடாப்புழுவோட குஞ்சு. கழுதைப்புலி வயித்துல வளர்றது. மனுஷனுக்கு ஒட்டாது. ஆனா இத்தனை இருந்தா சாப்பிட வேண்டாம், உப்புக்கண்டமும் போட வேண்டாம். முக்கியமா, நாய்க்குப் பச்சையா போட்டுடாதீங்க."

"அவ்வளவுதானா?" குஹாங்கா அம்மாளின் முகம் விழுந்துவிட்டது.

அவளை ஆறுதல்படுத்தும் பொறுப்பைக் கெர்சன் ஏற்றுக்கொண்டு, அடுத்த தடவை இன்னும் மோசமான கறி கிடைக்கும் என்று நம்பிக்கை சொன்னான். அந்த ஆறுதலில் அவள் மனம் திறந்தாள். உண்மையான கோபம் கறியைப் பற்றியதே அல்ல. ஹெங்காரியின் மனைவி ரிப்புரே, அக்கா மகள் கல்யாணத்துக்கென்று புதிதாகத் தைத்த இரு பக்கமும் மாட்டுக்கொம்புபோல் நீளும் நீலக் கொம்புத் தலைப்பாகையைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தாளாம். அது காணாமல் போய்விட்டது. எடுத்தது பக்கத்து வீட்டுக்காரிதான் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறாளாம். என் தலைக்கு அவள் தலைப்பாகை பத்துமா, பாருங்கள் என்று தலையைக் குனிந்து காட்டினாள். பத்தாதுதான்.

கவாரி தலையைப் பார்க்கவில்லை. கழுத்துக்கறியின் தோலைத் திருப்பி, ஜன்னலுக்கு நேராகப் பிடித்திருந்தாள். குண்டு நுழைந்த ஓட்டையைச் சுற்றி முடி கருகிச் சுருண்டிருந்தது. விரலால் தடவாமல், கெர்சனைக் கூப்பிட்டு முகர்ந்து பார்க்கச் சொன்னாள்.

"கரி வாசனை, டாக்டர். சமைக்க ஆரம்பிச்சிட்டு மனசு மாறிட்டாங்களோ?"

"எவ்வளவு தூரத்துல இருந்து சுட்டாராம்?" என்று அவள் குஹாங்கா அம்மாளைக் கேட்டாள்.

அது ஊருக்கே மனப்பாடம். வியாழக்கிழமை மத்தியானம் சொன்னபோது காற்றாலைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் உள்ள தூரம். இரவுக்குள் காற்றாலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் உள்ள தூரம். அதுவும் ஓடுகிற மான்.

அவள் போனதும் கவாரி கையுறையைக் கழற்றினாள். துப்பாக்கி வாய் தோலைத் தொடுகிற அளவுக்கு நெருங்காமல் முடி இப்படிக் கருகாது. கூடூ மானோ காட்டிலேயே கூச்சம் பிடித்த மிருகம். மனுஷ வாடை பட்டாலே மறைந்துவிடும். அது ஏன் துப்பாக்கிக்குக் கழுத்தைக் கொடுத்துக்கொண்டு நின்றது?

"ஹெங்காரி பழைய வேட்டைக் கதை எதையாவது ஆரம்பிச்சிருப்பாரு. பாவம், பாதியில எந்திரிச்சுப் போனா மரியாதை இல்லையேன்னு நின்னிருக்கும்" என்றான் கெர்சன்.

அவள் சிரிக்கவில்லை. அவள் சிரிக்காதபோது வண்டிச் சாவியை எடுத்துவிட வேண்டும் என்பது அவனுக்குப் பழக்கம்.

"அதோட தலை எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கணும்" என்றாள். "யாரும் அதைத் திறக்கறதுக்கு முன்னாடி."

ஒச்சிண்டூவில் ஹெங்காரியின் முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். சங்கத் தலைவர் ஆவதற்கு முன்பே அதைக் கொண்டாடும் தன்னம்பிக்கை அவருக்கு இருந்தது. மூன்று கால் இரும்புப் பானைகள் வரிசையாக நின்றன. இன்னும் அடுப்பு மூட்டவில்லை. ஹெங்காரி பெரிய உடம்புக்காரர், பேசும்போது கைகளும் சேர்ந்து பேசும். இன்று ஒரு கைதான் பேசியது. வலது கையில் துணிக்கட்டு. முள் கிழித்துவிட்டது என்றார்.

கேட்காமலே கதையைச் சொன்னார். மான் காற்றாகப் பறந்ததாம். அவர் மூச்சைப் பிடித்தாராம். பள்ளிக்கூடத்தைத் தாண்டிக் கோயில் வரைக்கும் தூரம் வளர்ந்துவிட்டதைக் கெர்சன் கவனித்துக்கொண்டான். கவாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, மானின் வாயில் நுரை ஏதும் இருந்ததா என்றாள். ஓடுகிற மிருகத்தின் வாயை யார் பார்த்தது என்று அவர் சிரித்தார். மற்றவர்களைவிட ஒரு நொடி அதிகமாகவே சிரித்தார்.

தலை கந்தோவாசுவிடம் போயிருந்தது. தோல் உரித்தவனும் அவன்தான். கொம்போடு மண்டையை அறுத்து, வேகவைத்து வெளுத்து, சாயங்காலக் கூட்டத்தில் சுவரில் மாட்டுவதாக ஏற்பாடு. ரிப்புரே அதற்குள் கவாரியைப் பிடித்துக்கொண்டாள். மோப்பக்காரி என்று பெயர் எடுத்தவர் ஒரு தலைப்பாகையைக் கண்டுபிடித்துத் தரக்கூடாதா என்று கேட்டாள். வியாழக்கிழமை தான் டவுனுக்குப் போயிருந்ததாகவும், கொடியைப் பார்த்துக்கொள்ளும்படி புருஷனிடம் சொல்லிவிட்டுப் போனதாகவும், அவர் மரத்தடியில் தூங்கிய நேரத்தில் குஹாங்கா கைவரிசையைக் காட்டிவிட்டதாகவும் விவரம் சொன்னாள்.

"வியாழக்கிழமை இவர் தூங்கிட்டா இருந்தாரு? அப்ப கோயில் தூரத்துல மானைச் சுட்டது யாரு?" என்று கெர்சன் முணுமுணுத்தான். கவாரி அவன் காலை மிதித்தாள். மிதித்தது பேசாதே என்பதற்காக மட்டுமல்ல, சரியாகச் சொன்னாய் என்பதற்காகவும்தான்.

பானைகளுக்கு இப்போதைக்கு அடுப்பு மூட்ட வேண்டாம், கறியில் புழு இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினாள்.

கந்தோவாசுவின் கொட்டகையில் அவர்கள் நுழைந்தபோது தலை மரக்கட்டைமேல் உட்கார்ந்திருந்தது. முறுக்கு முறுக்காக எழுந்த கொம்புகள் கூரையைத் தொட்டன. கந்தோவாசு ரம்பத்தை நெற்றியில் வைத்து முதல் இழுப்புக்குத் தோளைப் பின்னுக்கு வாங்கியிருந்தான்.

கவாரி கத்தவில்லை. நேராகப் போய் ரம்பத்தின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் மரம் அறுக்க நின்றவர்களைப் போல ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"இழுக்காத, கந்தோவாசு. உள்ள இருக்கறது உன் முகத்துல தெறிக்கும்."

அவன் விட்டுவிட்டான். டாக்டர்மீது மரியாதையால் அல்ல, பெண்பிள்ளை ரம்பத்தைப் பிடித்த பிடியைப் பார்த்து. கவாரி இரட்டைக் கையுறை மாட்டி, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு தலையை மெதுவாகத் திருப்பினாள். தாடைக்குக் கீழே முடியெல்லாம் எச்சில் காய்ந்து மண்ணோடு ஒட்டி, பசை போட்டதுபோல் விறைத்திருந்தது. கிடுக்கியால் வாயைத் திறந்தாள். இரண்டு கன்னத்திலும் புல் அடைத்திருந்தது. மென்ற புல், விழுங்கப்படாத புல். தொண்டை வேலைநிறுத்தம் செய்துவிட்ட மிருகம்.

"நல்லா ஓடுற மான், விழுங்க மட்டும் மறந்துடுச்சு" என்றாள்.

கெர்சன் கொம்பைச் சுற்றி வந்தான். இரண்டாவது முறுக்கின் இடுக்கில் ஏதோ தெரிந்தது. இன்னொரு கிடுக்கியால் இழுத்தான். நீல நூல். கூடவே விரலளவு துணிக்கிழிசல், மடித்துத் தைத்த விளிம்போடு.

கவாரி அதை ஒரு சின்ன பிளாஸ்டிக் உறையில் போட்டாள்.

"டாக்டர்" என்றான் கெர்சன், "குஹாங்கா அம்மா நிரபராதி. தலைப்பாகைய எடுத்தவருக்குக் கொம்பு சொந்தமாவே இருந்திருக்கு."

தலையைப் பைக்குள் பை வைத்துக் கட்டி, பனிக்கட்டிப் பெட்டியில் இறக்கினார்கள். தலைநகர் விண்ட்ஹுக்கில் உள்ள ஆய்வுக்கூடத்துக்கு அன்றே போகும் வண்டி பிடிக்க வேண்டும். அதற்கு முன்னால் கவாரி கந்தோவாசுவின் கையைப் பார்த்தாள். தோல் உரிக்கும்போது ஆள்காட்டி விரலில் கத்தி பட்ட வெட்டு, இன்னும் ஈரமாக இருந்தது. இந்த மானுக்கு வெறிநோய் இருந்திருக்க வேண்டும், நாய்க்கு வருகிற அதே வெறிநோய், இந்தப் பக்கத்துக் கூடூக்களுக்கு அவ்வப்போது வருகிறது, எச்சிலிலும் மூளையிலும் இருக்கிறது, வெட்டுக்காயம் வழியாக ஏறும் என்று சொன்னாள். ஏறி வெளியே தெரிந்துவிட்டால் மருந்தே கிடையாது. தெரிவதற்கு முன்னால் ஊசி போட்டால் பயமே கிடையாது. உடனே சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால்மணி நேரம் கழுவிவிட்டு என்னோடு கிளினிக்குக்கு வா என்றாள்.

கந்தோவாசு கழுவினான். கிளினிக்குக்கு மட்டும் வர மறுத்துவிட்டான்.

"நோய் வந்த மான் ஓடுமா? டாட்டே ஹெங்காரி ஓடுற மானைச் சுட்டாரு. எங்களுக்கெல்லாம் அப்பா மாதிரி, அவரு பொய் சொல்லுவாரா?"

கெர்சன் பதில் சொல்ல வாயைத் திறந்து, டாக்டரின் காலணியைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

திரும்பும் வழியில் கவாரி ஜன்னலுக்கு வெளியே முள்மரங்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஆய்வுக்கூடம் பதில் சொல்ல நாளாகும். கந்தோவாசு அதுவரை பொறுக்க முடியாது. அவனை நகர்த்தக்கூடியது ஒரே ஒரு வாய், அந்த வாயோ சாயங்காலத்துக்குள் மானை விண்ட்ஹுக்கிலேயே சுட்டதாகச் சொல்லும் நிலையில் இருந்தது. அதை ஊர் நடுவில் வைத்து உடைத்தால் ஹெங்காரி இன்னும் இறுகிவிடுவார். தனியாகப் பிடிக்க வேண்டும்.

ரிப்புரேயை அப்புறப்படுத்தும் வேலை கெர்சனுக்கு. அவன் தலைப்பாகை எப்படித் தைப்பது என்று அவளிடம் கேட்டான். அதற்கப்புறம் அவனைக் காப்பாற்ற யாராலும் முடியவில்லை.

கவாரி ஹெங்காரியை ஆட்டுப்பட்டிப் பக்கம் நடத்திக்கொண்டு போனாள். சின்ன பிளாஸ்டிக் உறையிலிருந்த நீல நூலைக் காட்டினாள்.

"டாட்டே, இது உங்க மானோட கொம்புல இருந்துச்சு. அது உங்களைத் தேடி வந்த மான். வியாழக்கிழமை இந்தக் கொடிப் பக்கம் வந்து நின்னிருக்கு. நீங்க பக்கத்துல போயும் ஓடல. நான் யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல. கந்தோவாசுகிட்ட மட்டும் நீங்க சொல்லணும். அவன் விரல்ல வெட்டு இருக்கு, உங்க வார்த்தைய நம்பி ஊசி வேண்டாங்கறான்."

மறுப்பார், கத்துவார் என்று எதிர்பார்த்து அவள் அடுத்த ஆதாரத்தைத் தயாராக வைத்திருந்தாள். அவர் கத்தவில்லை. நூலைப் பார்த்தார். பிறகு, அந்தப் பெரிய உடம்புக்குள்ளிருந்து வருகிற குரலாகவே தோன்றாத ஒரு குரலில், அந்த நோய் எப்படித் தொற்றும் என்று கேட்டார்.

"எச்சில் காயத்துல பட்டா. கடிச்சா இன்னும் மோசம்."

ஹெங்காரி இடது கையால் வலது கைக் கட்டை அவிழ்க்க ஆரம்பித்தார். துணி கடைசிச் சுற்றில் ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுத்தார். விரல் கணுக்களுக்குக் கீழே, புறங்கையில், வரிசையாகத் தோல் நசுங்கிப் பிய்ந்திருந்தது. எந்த முள்ளும் இப்படி வரிசையாகக் கிழிப்பதில்லை.

கவாரி குனிந்து அந்தக் காயத்தைப் பார்த்தாள். இத்தனை நேரமும் அவள் கந்தோவாசுவின் விரலைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். ஆபத்தில் இருந்த ஆள் எதிரில் நின்று கோயில் தூரத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கட்டை அவளும் பார்த்தாள், முள் என்றதை அவளும் நம்பினாள்.

"வாயில கையை விட்டீங்களா?"

"தலைப்பாகை வாயில இருந்துச்சு" என்றார் ஹெங்காரி. "பாதி கொம்புல, பாதி வாயில. சவைச்சிட்டு நின்னுச்சு. எச்சில் கயிறு மாதிரி வழியுது. என்னையே பார்க்குது, மாடு பார்க்கற மாதிரி. எனக்கு அந்த நேரம் மான் பெரிசாத் தெரியல. ரிப்புரே வந்து கேட்பாளேன்னுதான் இருந்துச்சு. புடிச்சு இழுத்தேன்."

அது விடவில்லை. விட்டபோது துணி கந்தலாகவும் கை ரத்தமாகவும் வந்தது. அதற்கப்புறம்தான் உள்ளே போய்த் துப்பாக்கியை எடுத்து வந்தாராம். திரும்பி வரும்வரை மான் அதே இடத்தில் நின்றதாம், அடுத்த துணிக்குக் காத்திருப்பதுபோல. அண்டை வீடுகளில் ஆள் இல்லாத நேரம், கழுத்தில் வைத்துச் சுட்டார். பிறகு வண்டியில் கட்டிப் புதர்க்காட்டுக்குள் இழுத்துப் போட்டுவிட்டு, ஆட்களைக் கூப்பிட்டு, தலைப்பாகையை இதே ஆட்டுப்பட்டிக்குப் பின்னால் புதைத்தார். வேட்டைக்காரன் துணிக்கொடியில் மான் சுட்டான் என்று தெரிந்தால் யார் தலைவராக்குவார்கள்?

"நான் செத்துடுவேனா, டாக்டர்?"

"இன்னிக்கே ஊசி போட்டா இல்ல. சாயங்காலம் சுவர்ல கொம்பு மாட்டிட்டுப் போகலாம்னா, எனக்குத் தெரியாது."

அவரைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு வந்து, கையைத் தண்ணீருக்கு அடியில் பிடித்து, கெர்சனைச் சோப்புக் கொண்டுவரச் சொன்னாள். கெர்சனோடு ரிப்புரேயும் வந்தாள். புருஷனின் கையைப் பார்த்தாள், டாக்டரின் கையிலிருந்த நூலைப் பார்த்தாள். தன் தையலை அடையாளம் காண அவளுக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை.

ஹெங்காரி தண்ணீரைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னார். தூரத்தையும் சேர்த்து, இந்தத் தடவை சரியான தூரத்தை. அவர் முடித்ததும் ரிப்புரே கெர்சன் கையிலிருந்த சோப்பைப் பிடுங்கி, அந்தக் கையைத் தானே தேய்க்க ஆரம்பித்தாள். அவர் முனகினார். அவள் நிறுத்தவில்லை. தேய்க்கத் தேய்க்கத்தான் அவள் கண்ணில் நீர் வந்தது.

"ஒரு துணிக்காக வெறிபிடிச்ச மான் வாயில கையை விட்டிருக்க" என்றாள். "அவ்வளவு பயமா என்கிட்ட?"

"ஆமா" என்றார் ஹெங்காரி.

அதைக் கேட்டு அவள் கோபப்பட்டாளா சந்தோஷப்பட்டாளா என்று கெர்சனால் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

போகிற வழியில் கந்தோவாசுவையும் கூப்பிட்டார்கள்; டாக்டர் சொல்லிக்கொடுத்துத்தான் ஹெங்காரி பேசுகிறார் என்று அவன் வர மறுத்துவிட்டான். கிளினிக்கில் கடித்த இடத்தைச் சுற்றி ஒரு மருந்தும் தோளில் ஒரு ஊசியும் போட்டார்கள். மிச்ச ஊசிகளுக்குத் தவறாமல் வர வேண்டும் என்று நர்ஸ் எச்சரித்தாள். பானைக்குப் போகவிருந்த கறியையெல்லாம் கெர்சன் கையுறையோடு அள்ளி, நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதைத்தான். ஏற்கெனவே நன்றாக வேகவைத்துத் தின்றவர்களுக்குப் பயமில்லை, பச்சைக்கறியைக் கையில் காயத்தோடு அறுத்தவர்கள் மட்டும் வரட்டும் என்று கவாரி வீடு வீடாகச் சொல்லி அனுப்பினாள். தலைவர் தேர்தல் தள்ளிப்போயிற்று. ரிப்புரே அன்று மாலையே குஹாங்கா அம்மாள் வீட்டுக்குப் போனாள். உள்ளே என்ன பேசிக்கொண்டார்கள் என்று தெரியாது. வெளியே வந்தபோது இருவரும் சேர்ந்து ஹெங்காரியைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த பதில் கவாரி நினைத்ததுதான். அவள் அதை ஹெங்காரிக்குப் போனில் சொன்னாள். அவர், தானே எல்லா வீட்டுக்கும் போய்ச் சொல்வதாகச் சொன்னார்.

போனார். முதல் வீட்டில் தலை குனிந்தபடி, விழுங்கி விழுங்கிச் சொன்னாராம். அங்கே யாரோ சிரித்துவிட்டார்கள். இரண்டாவது வீட்டில் தலை கொஞ்சம் நிமிர்ந்தது. நான்காவது வீட்டுக்குள் அவர் கை மறுபடியும் பேச ஆரம்பித்துவிட்டது, இந்தத் தடவை கட்டுப் போட்ட கையும் சேர்ந்து. மான் கொடியைத் தாண்டிச் சமையல்கட்டுக்கு வந்தது. அடுத்த வீட்டில் அது கதவைத் தட்டியது. காயம் பட்டவர்கள் அவர் பின்னாலேயே கிளம்பிக் கிளினிக்குக்குப் போனார்கள்.

கந்தோவாசுவின் வீடு கடைசி. ஓடுகிற மானை நம்பியவன் ஓடாத மானை உடனே நம்பவில்லை. அவருக்கு அங்கே வெகுநேரம் பிடித்தது.

அடுத்த ஊசிக்கு ஹெங்காரியை இழுத்துக்கொண்டு ரிப்புரே கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கவாரியும் கெர்சனும் காயம் பட்டவர்களில் யார் யார் இன்னும் வரவில்லை என்று நர்ஸிடம் விசாரித்துக்கொண்டு நின்றார்கள். அப்போது கந்தோவாசு வாசலில் வந்து நின்றான். முகம் வெளுத்திருந்தது. நேராக டாக்டரிடம் போய், அந்தக் கூடூ வீட்டுக்குள் புகுந்து ஹெங்காரியின் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டது உண்மையா என்று கேட்டான்.

ஹெங்காரி கூரையைப் பார்த்தார். கெர்சன் வாயைத் திறந்தான். அவனை முந்திக்கொண்டு ரிப்புரே எழுந்தாள்.

"என் போர்வையையும் போர்த்திக்கிச்சு. நீ முதல்ல சட்டைக் கையை மடி."